தழும்பை மறைக்காத கடற்கரை

ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையில் ஆடையின்றிக் குளிப்பவர்களை வெட்கம் கெட்டவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘எஃப்.கே.கே.’ என்று மூன்றெழுத்தில் அவர்கள் சொல்லும் இந்த வழக்கத்துக்கு அங்கே நூறாண்டுக்கும் மேல் வயது. 1898-இலேயே எஸ்ஸென் நகரில் இதற்குச் சங்கம் தோன்றிவிட்டது. கிழக்கு ஜெர்மனி அரசு 1954-இல் தடை போட்டுப் பார்த்தது. மக்கள் விடவில்லை. 1956-இல் அரசே இறங்கிவந்து, இதற்கென இடம் ஒதுக்க வழிசெய்தது. அரசை எதிர்த்து வாய் திறக்கவே அஞ்சிய நாட்டில் அது பெரிய வெற்றிதான். அந்தக் கடற்கரையில் கவர்ச்சிக்கு வேலையில்லை. தொப்பை சரிந்த பெரியவர், வயிற்றில் தையல் தழும்போடு ஓர் அம்மாள். உட்காரச் சொந்தத் துண்டை விரித்துக்கொள்ள வேண்டும். முறைத்துப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. ஈர நீச்சலுடை உடம்போடு ஒட்டும் பிசுபிசுப்பு இல்லை. முதுகில் உருளும் தண்ணீரைக் காற்றே உலர்த்திவிடும். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்போம். அந்த ஆடைப் பாதி கழன்றபின் மேலாளர் யார், மெக்கானிக் யார் என்று தெரியாது. விளம்பர உடம்புகளைப் பார்த்துப் பார்த்துத் தன் உடம்பையே வெறுக்கும் பிள்ளைகளை நினைக்கும்போது, தழும்பை மறைக்காமல் அலையை நோக்கி நடக்கும் அந்த அம்மாளை எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது.