நியூட்ரலில் மிச்சமாகும் டீசல் யாருக்கு?

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் வரும் வரி ஒன்றுதான்: "பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி..." படிப்பவர்களும் "டிரைவர் தூங்கியிருப்பான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். ஆனால் பல நேரங்களில் பிரேக் தானாகப் போவதில்லை, போக வைக்கப்படுகிறது.

ஓசூர் பக்கத்துக்காரர்களுக்கு இது தூரத்துச் சேதி இல்லை. 1980 முதல் அசோக் லேலண்ட் லாரி செய்யும் ஊர். ஜவளகிரி, தளி பக்கம் லோடு ஏற்றி சேலம் போகிற வண்டிகளும் பெரும்பாலும் தொப்பூரில்தான் இறங்குகின்றன. 2024 ஜனவரி 24 அன்று அங்கே நடந்த விபத்தில் 4 பேர் இறந்தார்கள். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு.

பழைய லாரியின் டேஷ்போர்டில் அலங்காரம் எதுவும் இருக்காது. ஆனால் ஏர் மீட்டர் இருக்கும். பழைய டிரைவர்கள் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கிளம்ப மாட்டார்கள். முள் ஏறி, பஸ்ஸர் சத்தம் நிற்கும்வரை காத்திருப்பார்கள். ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்து விடுவார்கள். "ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்" என்பது அவர்கள் கிளீனருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

காரணம் எளிது. பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் இன்ஜினோடுதான் சுற்றும். இறக்கத்தில் கியரில் இருந்தால் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும், காற்றும் வேகமாக நிரம்பும். நியூட்ரல் போட்டால் இரண்டுமே குறையும். முழுப் பாரமும் பிரேக் மீது விழும். மிதிக்க மிதிக்கக் காற்று இறங்கும், டிரம்மும் லைனிங்கும் சூடேறிப் பிடிமானம் போய்விடும். இன்ஜினையே ஆஃப் செய்தால் காற்று நிரம்பவே நிரம்பாது, பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

இதெல்லாம் டிரைவருக்குத் தெரியாதா? தெரியும். பிறகு ஏன் நியூட்ரல்? டீசல் கணக்கு! பல இடங்களில் ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் என்று ஓனர் கட்டிக் கொடுத்துவிடுவார். மிச்சமானால் டிரைவருக்கு லாபம், கூடினால் கைக்காசு. இதில் வேடிக்கை என்னவென்றால், செங்குத்தான இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசலே போகாது. நியூட்ரலில் ஐடிலிங்குக்காவது டீசல் எரியும். அதாவது உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிக்கும் அந்த டீசல், செங்குத்தான இறக்கத்தில் மிச்சமே ஆவதில்லை.

புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல விஷயம்தான். டேஷ்போர்டும் டிஜிட்டல் ஆகிவிட்டது. ஆனால் ஓனரின் நோட்டுப் புத்தகம் மட்டும் மாறவில்லையே? தொப்பூரில் இன்னும் பத்து எச்சரிக்கை போர்டு வைப்பதைவிட, மிச்ச டீசலை டிரைவர் சம்பளத்தோடு முடிச்சுப் போடுவதை நிறுத்துவது அதிகம் பேரைக் காப்பாற்றும். லாரிக்கும் லோடுக்கும் இன்சூரன்ஸ் இருக்கலாம். கேபினில் இருப்பவன் வீட்டுக்கு அவன்தான் எல்லாமே.