அணைநீரில் படகின் வேகத்திற்கு வரம்பு வேண்டும்

கீரிப்பாறைக்குக் கீழேயுள்ள வாழைத் தோட்டமொன்றில், ஓடைக்கரை இடியாதிருக்க வெட்டிவேர் நடும் முறையைச் சில தினங்களுக்கு முன் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பெரியவர் ஒருவர், “அணையில் உல்லாசப் படகு விடவேண்டுமென்று பத்திரிகையில் வருகிறதே, விட்டால் நமக்கென்ன நஷ்டம் ஐயா? அவர்கள் தண்ணீரைக் குடித்துவிடப் போவதில்லையே” என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தனர். கேள்வி நியாயமானது. நாற்றுமூட்டை காத்திருந்தபடியால் அன்று முழுப் பதிலும் சொல்ல இயலவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

படகு வேண்டாமென்பது என் அபிப்பிராயமன்று. திற்பரப்பில் அருவிக்கு மேலே தேங்கிய நீரில் படகு விடுகிறார்கள். அதனால் எவருடைய வரப்பும் கரைந்ததில்லை. 1863-ஆம் வருஷத்தில் உண்டாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியில் இன்றும் உல்லாசத்திற்கு விடப்படுபவை துடுப்பாலும் மிதியாலும் செல்லும் படகுகளே. அதனால் அங்கே வருகிறவர்கள் குறைந்துவிடவில்லை. கெடுதல் படகில் இல்லை, அதன் வேகத்தில் இருக்கிறது.

மெதுவாகச் செல்லும் படகு நீரைப் பிளந்து செல்லும். பின்னால் சிறு நெளிவே உண்டாகும். வேகம் ஏற ஏற அதன் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழும். அந்த நிலையில்தான் அது மிகப் பெரிய அலையைக் கிளப்புகிறது. அலையின் பலம் அதன் உயரத்தோடு சரிசமமாக ஏறுவதில்லை: அரையடி அலையைவிட ஓரடி அலை இருமடங்கன்று, நான்கு மடங்கு பலமுடையது. ஆகவே வேகத்தைச் சிறிது குறைத்தாலும் கரைக்குக் கிடைக்கும் லாபம் பெரிது.

இதற்கு விசைப்படகுக்காரர் ஒரு மறுப்புச் சொல்வதுண்டு. முழுவேகத்தில் படகு நீரின்மேல் எழும்பி வழுக்கிச் செல்வதால் அலை குறைகிறது. ஆகையால் வேகமே நல்லது என்பர். அதில் பாதி வாஸ்தவம். ஆனால் அந்த வேகத்தை எட்டவும், திரும்பவும், நிற்கவும் ஒவ்வொரு தடவையும் அந்த நடுவேகத்தைக் கடந்தே ஆகவேண்டும். கால்மணிக்கொரு தரம் ஆளேற்றி இறக்கும் உல்லாசப் படகு, கரையோரத்தில் இதையே நாள் முழுதும் செய்துகொண்டிருக்கும்.

இவ்வலை என்ன செய்யும் என்பதைக் குட்டநாட்டில் பார்க்கலாம். 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரை அதுவும் நமது நாஞ்சில் நாடும் ஒரே ராஜ்யத்தில் இருந்தவை. வேம்பநாட்டுக் காயலையடுத்துக் கடல் மட்டத்திற்குக் கீழே நெல் விளையும் நிலங்கள் அவை. வெளிவரம்பு ஒன்றே அவற்றிற்குக் காப்பு. அங்கே ஒரு வெளிவரம்பின்மேல் அரைமணி நேரம் நின்றிருந்தேன். விசைப்படகு ஒன்று கடந்தது. அது கண்ணுக்கு மறைந்தபின் அதன் அலை வந்து மோதிற்று. ஒரு கைப்பிடி மண் விழுந்தது. அவ்வளவே. அடுத்த படகிற்கு மறுபிடி. கரையின் அடி உள்ளே குடையப்பட்டு, மேல்பகுதி தாழ்வாரம்போல் தொங்கிக்கொண்டிருந்தது. கரை உடைந்து வெள்ளம் புகுவதை அவ்விடத்தில் மடவீழ்ச்சை என்கிறார்கள். ஒருமுறை நேர்ந்தால் அந்தப் போக விளைச்சலே போயிற்று. படகு ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். மழைவெள்ளமும் ஏற்றநீரும் உண்டு. கரையைப் பலவீனப்படுத்துவதில் படகலைக்கும் பங்குண்டு என்பதை மட்டும் கண்ணால் கண்டேன்.

நமது பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்த கல்கட்டு. அது இந்த அலைக்கு அஞ்சாது. ஆனால் அணை என்பது சுவர் மட்டுமா? தேங்கிய நீரைச் சுற்றியுள்ள ஓரமெல்லாம் மலைமண் சரிவு. மாசி முடிவில் பாசனம் நின்று, நீர் தாழ்ந்து கிடக்கும் மாதங்களில் அச்சரிவு புல் பூண்டின்றி வெறுமண்ணாய் நிற்கிறது. அலை மோதினால் அம்மண் அணைக்குள்ளேதான் விழும். ஆழங்குறைந்த இடங்களில் படகின் விசிறி அடியிலுள்ள வண்டலையும் கலக்கிவிடும். மணல் உடனே படியும். களிமண் துகளோ நாட்கணக்கில் மிதந்து மடைவழியே கால்வாய்க்கு வரும். ஜூனில் கன்னிப்பூவிற்குத் தண்ணீர் திறந்தால், தோவாளைக் கால்வாயிலும் அனந்தனார் கால்வாயிலும் அவ்வண்டல் படியும். அதனால் முதலில் தண்ணீர் எட்டாமற்போவது கடைவரம்பு வயல்களுக்குத்தான். கோதையாற்றுப் பாசனத்தை நம்பி 79,000 ஏக்கர் இருக்கிறது. தூர் வாரும் செலவையும் பிற்பாடு நாமே பேசிக்கொண்டிருப்போம்.

மண்ணைவிட மனிதர் முக்கியம். பேச்சிப்பாறை நீர்ப்பரப்பிற்கு அப்பாலுள்ள தோட்டமலை முதலிய ஊர்களின் காணி மக்களுக்குப் படகு உல்லாசமன்று, வழி. சாமான் மூட்டையும் குழந்தையுமாய்ச் சிறு படகில் வருகிறவர்களுக்குப் பக்கத்தில் விசைப்படகு பாய்ந்து சென்றால், அந்த அலையை யார் தாங்குவது? தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-இல் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அங்கே வேகம் காரணமன்று, ஒரே பக்கம் சாய்ந்த பாரமே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகையால் வேகவரம்பு எல்லா ஆபத்தையும் தீர்க்கும் மருந்தென்று நான் கூறவில்லை. ஆயினும் சாயக்கூடிய படகிற்கு வேறொரு படகின் அலையும் சேரவேண்டாம்.

வரம்பு வைத்தால் பிரயாணிகள் வரமாட்டார்கள், மலையோரக் கடைக்காரர் பிழைப்புக் கெடும் என்பது இன்னொரு ஆக்ஷேபணை. இங்கிலாந்திலே மிகப் பெரிய ஏரியாகிய விண்டர்மியரில், 2005 மார்ச் முதல் மணிக்குப் பத்துக் கடல் மைல், அதாவது ஏறக்குறைய 18 கிலோமீட்டர், என்னும் வரம்பு நடப்பிலிருக்கிறது. விதி 2000-இல் அங்கீகாரம் பெற்றது. படகுக்காரர் மாற்றிக்கொள்ள ஐந்து வருஷம் தவணை தரப்பட்டது. வியாபாரம் அழியுமென்று அங்கேயும் கூக்குரல் எழுந்தது. ஆயினும் ஏரியில் படகுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பத்தரை மைல் நீளமுள்ள ஏரிக்கே அவ்வளவு போதுமெனில், 18 அடி ஆழமே கொள்ளும் நமது சிற்றாறு அணைகளுக்கு அதற்கு மேல் எதற்கு?

என் யோசனை இதுதான். மண்கரை, மடை, குளிக்கும் துறை, வலை கட்டிய இடம், மக்கள் கடக்கும் படகுத்துறை ஆகியவற்றின் அருகே மனிதன் வேகமாய் நடக்கும் வேகத்திற்கு மேல் எந்தப் படகும் செல்லலாகாது. நடுநீரில் விண்டர்மியர் வரம்பு போதும். நீர் தாழ்ந்த மாதங்களில் விசைப்படகே வேண்டாம். துடுப்புப் படகு ஓடட்டும். பலகையில் எழுதி வைப்பதோடு நின்றால் பலகைதான் மிஞ்சும். ஆகையால் குத்தகை கொடுக்கும்போதே, குறித்த வேகத்திற்கு மேல் ஓடாதபடி இயந்திரத்தைப் பூட்டிவைக்க வேண்டுமென்று நிபந்தனையில் சேர்க்க வேண்டும். வேண்டுமென்றே பூட்டைத் தளர்த்துவோருக்குக் குத்தகை ரத்து.

படகு வருமுன் செய்யக்கூடிய வேலையொன்று பாசனக்காரர் கையிலும் கிராம அதிகாரிகள் கையிலும் உள்ளது. கரையோரத்தில், நீர்முனையிலிருந்து பத்தடி உள்தள்ளி, நூறடிக்கொரு கல்முளை அடித்து, முளையிலிருந்து கரைவிளிம்பு வரையுள்ள தூரத்தை இப்போதே அளந்து கணக்குப் புத்தகத்தில் குறியுங்கள். நீர்மட்டம் எத்தனை அடி என்பதையும் உடன் எழுதுங்கள். மாதந்தோறும் முதல் தேதியில் மறுபடி அளந்தால் போதும். கரை குறைகிறதா இல்லையா என்ற வழக்கு பின்னால் வரும்போது, காட்ட அந்தப் புத்தகம் இருக்கும். முளையடிக்கும் முறை தெரியாதவர்கள் எழுதினால், நானே வந்து முதல் வரிசையை அடித்துக் காட்டுகிறேன்.