நூலகத்துக்கும் ஒரு எட்டு

சிங்கப்பூர்ச் சைனாடவுனின் பகோடா ஸ்திரீட்டில் நடக்கும் நம்மவர்களில் பலருக்கு, அந்தப் பெயரில் உள்ள 'பகோடா' மாரியம்மன் கோயில் கோபுரம்தான் என்பது தெரியாது. 1827-இல் நாராயண பிள்ளை முன்னின்று அமைத்த அந்தக் கோயிலுக்குள் பல நாட்டுப் பயணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறார்கள். தீமிதி என்றால் என்ன, கருவறையில் இருப்பவள் யார் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். கோயிலில் காட்டும் இந்தப் பெருந்தன்மை நூலகம் என்றதும் சுருங்கிவிடுகிறது. படிக்க வராதவருக்கு அங்கே என்ன வேலை என்கிறோம். வேடிக்கை பார்க்க வருபவருக்கும் அங்கே வேலை இருக்கிறது என்பது என் கட்சி.

தமிழகத்திலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களின் நிரலில் செந்தோசா இருக்கும், முஸ்தஃபா இருக்கும், சைனாடவுன் பொம்மைக் கடைகள் இருக்கும். தேசிய நூலகம் அநேகமாக இராது. விக்டோரியா ஸ்திரீட்டில் 2005-இல் திறந்த 16 மாடிக் கட்டடத்தில் என்ன பழமை இருக்கிறது என்று கேட்பார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் போகிறதென்றால், அது 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இங்கோ ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் 1960-இல் திறந்த செங்கல் நூலகத்தை 2004-இல் மூடி, ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதைக்காக இடித்தும் ஆயிற்று. மக்கள் எதிர்த்தும் பயனில்லை. நுழைவாயில் தூண்கள் இரண்டு மிஞ்சின. அந்த இடிப்பு பெரும்பிழை என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் இந்த நூலகத்தின் வரலாற்றில் செங்கல்லை விடப் பெரிய விஷயம், யாரை உள்ளே விடுவது என்ற வழக்குத்தான். இதன் முன்னோடியான காலனிக்கால ராஃபிள்ஸ் நூலகத்தில் சந்தா கட்டியவருக்கே புத்தகம் இரவல் கிடைத்தது. நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலம். 1953-இல் ரப்பர் தொழிலதிபர் லீ கொங் சியான் 3,75,000 வெள்ளி தர முன்வந்தபோது, நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் மொழிகளுக்கும் அதில் இடம் வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்த அலமாரிகளில் இன்று சீனம், மலாயோடு தமிழும் நிற்பதில் அந்த நிபந்தனைக்குப் பங்குண்டு. ஆகவே சீட்டும் கேள்வியும் இல்லாமல் ஒருவர் உள்ளே நுழைகிறாரே, அதுவே அங்கே பார்க்க வேண்டிய பழம்பொருள். மேற்கோள் நூலகத்துக்கு லீ கொங் சியான் பெயரையே வைத்திருப்பது பொருத்தம்.

எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே என்றும் சொல்லலாம். உண்மைதான். 1887-இல் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழை நூலகத்தின் இணையதளத்தில் புரட்டலாம். 2015-இல் தமிழ்ச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, விடுதலைக்குப் பிந்தைய 50 ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கியும் வைத்திருக்கின்றன. ஆனால் அப்படியொரு இதழ் இருந்ததே தெரியாதவர் அதன் பெயரை எப்படித் தேடுவார்? தெரியாததைக் கண்ணில் படவைப்பது அலமாரிதான், அதற்கு ஆள் நேரில் போக வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களால் படிப்பவர்களுக்குத் தொந்தரவு என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் பின்னால் நின்று செல்ஃபி எடுப்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. இதற்குத் தஞ்சாவூரில் வழி இருக்கிறது: சரசுவதி மகாலில் பார்வையாளருக்கு அருங்காட்சியகம் தனி, சுவடி படிப்பவருக்கு இடம் தனி. விக்டோரியா ஸ்திரீட்டிலும் கண்காட்சிகள் நடக்கின்றன; அவற்றோடு வாரத்துக்கு ஒருமுறை, அரைமணி நேரம், தமிழில் சுற்றிக்காட்ட ஏற்பாடு செய்தால் போதும். 2013-லேயே சைனாடவுன் பாயின்ட் கடைத்தொகுதிக்குள் சீனக் கலைகளுக்கென ஒரு நூலகத்தைத் திறந்து, அதைத் தொண்டூழியர்களை வைத்து நடத்திக்காட்டிய ஊருக்கு இது பெரிய காரியமில்லை.

சுற்றுலா நிறுவனத்தார் பொம்மைக் கடைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுக்கட்டும். சைனாடவுனில் டவுன்டவுன் ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் பூகிஸ். லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டாவது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் நூலகம். நுழைவுக் கட்டணம் கிடையாது.