ஃபேன் ஓடினால் கோளாறா?

“சார், உங்க பேரன் வண்டியை நிறுத்திட்டு மேல போயிட்டான். உள்ள என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு. பேட்டரி போயிடப் போகுது.”

எதிர்வீட்டு நண்பர் கேட்டைத் தட்டி இப்படிச் சொன்னது போன பங்குனியில். அவரும் என்னைப்போல ஓய்வூதியக்காரர், நல்ல மனதோடு சொன்னார். ஒன்றும் ஆகாது, இரண்டு நிமிடத்தில் தானே நின்றுவிடும் என்றேன். நின்றது. அவர் முகத்தில் மட்டும் சந்தேகம் நிற்கவில்லை.

அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் பேரனிடம் அதையே சொல்லியிருக்கிறார்கள். டீக்கடையில் ஒருவர், அலுவலக வாசலில் ஒருவர். மூன்று பேர் சொன்னால் ஆட்டுக்குட்டியும் நாயாகிவிடும் என்ற பழைய கதை நமக்குத் தெரியும். பையன் வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டான். தாத்தாவைக் கேட்கவில்லை. தாத்தா சைக்கிளோடு நின்றுவிட்டவர் என்பது அவன் எண்ணம்.

பட்டறைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஃபேனுக்கு வரும் கம்பனி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஹாண்டில்பாரில் ஒரு சுவிட்சை வைத்து பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துக் கொடுத்துவிட்டார். “இனிமே உனக்கு வேணும்னா போடு, வேணாம்னா நிறுத்து தம்பி.” கூடவே, கூலண்ட் குறைந்திருக்கிறது என்று குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியும் அனுப்பினார்.

இந்த வேலையைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் மீதும் கோபம் உண்டு. ஏனென்றால் இந்தப் பயத்தைப் பரப்புவதில் பாதிப் பங்கு நம்முடையது.

நாம் ஓட்டிய வண்டிகளை நினைத்துப் பாருங்கள். புல்லட்டில் ஃபேன் கிடையாது. எஞ்சினைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும், காற்றுப் பட்டு ஆறும். என் முதல் வண்டி சுவேகா மொபெட். பிரான்சின் மொத்தோபெக்கான் கம்பனியோடு கூட்டுவைத்துத் திருப்பதியில் செய்தார்களே, அதுதான். அதிலும் அப்படியே. பிறகு வந்தது சேத்தக். அதில் எஞ்சின் மூடிக்குள் அடைந்து கிடப்பதால் காற்று நேராகப் படாது. ஆகவே சக்கரம்போலச் சுழலும் மேக்னட்டிலேயே இறக்கை வைத்து, தகட்டு உறை வழியாகக் காற்றைச் செலுத்தினார்கள். லாம்ப்ரெட்டாவிலும் அதுவேதான். எஞ்சின் ஓடினால் அந்த இறக்கையும் ஓடும், நின்றால் நிற்கும். அதனால் நாம் அதைக் கவனித்ததே இல்லை. எஞ்சின் நின்ற பிறகு எதுவும் ஓடக்கூடாது என்று நம் மூளையில் பதிந்தது அப்படித்தான்.

பேரன் வண்டி வேறு சாதி. எஞ்சினைச் சுற்றி உள்ளே திரவம் ஓடுகிறது. ஒரு சின்னப் பம்ப் அதைச் சுழற்றுகிறது. முன்சக்கரத்துக்குப் பின்னால் ரேடியேட்டர், அதன் முதுகில் மின்சார ஃபேன். வழியில் தெர்மோஸ்டாட் என்ற கதவு ஒன்று. காலையில் வண்டியைக் கிளப்பும்போது கதவு மூடியிருக்கும். எஞ்சின் சீக்கிரம் சூடாக வேண்டும், குளிர்ந்த எஞ்சின் தேயும். 80 டிகிரியை ஒட்டிக் கதவு திறந்து திரவம் ரேடியேட்டருக்குப் போகும். அப்போதும் ஃபேன் ஓடாது. வண்டி ஓடும் வேகத்தில் வரும் காற்றே போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் மாமல்லபுரம் வரை போனாலும் ஃபேன் அநேகமாக வாயைத் திறக்காது.

அதே வண்டி ராஜீவ் காந்தி சதுக்க சிக்னலில் நின்றால்? காற்று நின்றது, சூடு நிற்கவில்லை. பல வண்டிகளில் 100 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக ஃபேன் கிளம்பும். ஐந்தாறு டிகிரி இறங்கியதும் நிற்கும். போடும் சூடும் நிறுத்தும் சூடும் ஏன் ஒன்றாக இல்லை என்று பேரனே கேட்டான். ஒன்றாக வைத்தால் நொடிக்கொரு தரம் போட்டுப் போட்டு அணையும், ரிலே கருகும். வீட்டு ஃப்ரிட்ஜும் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது.

வண்டியை அணைத்த பிறகு ஏன் ஓடுகிறது? சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கியதும் கொதி அடங்கிவிடுகிறதா? எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். இரும்பிலும் அலுமினியத்திலும் தேங்கிய சூடு, அசையாமல் நிற்கும் திரவத்தில் ஏறும். அணைத்த முதல் சில நிமிடங்களில் சூடு கூடவும் செய்யும். அதற்காகச் சில கம்பனிகள் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடும்படி வைத்திருக்கின்றன. சில கம்பனிகள் சாவியோடு நிற்கும்படி வைத்திருக்கின்றன. இரண்டும் கோளாறு அல்ல. எது உங்கள் வண்டி என்பது கையேட்டில் இருக்கும். பேரன் அதைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான்.

இங்கே என் பள்ளிக்கூடத்தைப் பற்றி நாலு வரி. எங்களுக்கு இயற்பியல் எடுத்த மெஸ்யே கரும்பலகையில் ஒரு பானை வரைவார். ‘மர்மித் த பாப்பேன்’ என்பார், அதாவது பாப்பேனின் பானை. தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் செய்து காட்டிய இறுக்கி மூடிய பாத்திரம். நம் பிரஷர் குக்கருக்குப் பாட்டன். மூடி அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, இன்னும் மேலே போகும். ஆவி மிஞ்சினால் தப்ப ஒரு வால்வும் அவரே வைத்தார். ரேடியேட்டர் மூடி செய்யும் வேலை அச்சாக அதுதான். கூலண்ட் கலவையும் அந்த மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120 டிகிரியிலும் கொதிக்காது. அதனால்தான் ஃபேன் 100-ஐ ஒட்டி நிதானமாகக் கிளம்புகிறது. 100 என்றதும் ‘ஐயோ கொதிக்கிற சூடு’ என்று பதறுகிறவர்கள் இந்தப் பானையை மறந்தவர்கள். வெறும் தண்ணீரை ஊற்றினால் அந்தத் தாங்குசக்தி குறையும், உள்ளே துருவும் உப்பும் படியும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறப்பது, விசில் அடங்காத குக்கரைத் திறப்பது. முகமும் கையும் வெந்துபோகும்.

சரி, கதைக்கு வருகிறேன். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதி ஞாயிறு சந்தைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும், நடக்கவே இடம் இருக்காது. பையன் அதில் மாட்டிக்கொண்டான். சுவிட்சைப் போட்டான், ஃபேன் சத்தமும் கேட்டது. ஆனால் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபேன்தான் ஓடுகிறதே என்று நம்பி உருட்டி உருட்டி வீடுவரை ஓட்டி வந்துவிட்டான். வாசலில் நிறுத்தும்போது புஸ்ஸென்று ஆவி, தரையெல்லாம் தண்ணீர்.

“தாத்தா, ஃபேன் நல்லாத்தான் ஓடுச்சு” என்றான். அழுகைக் குரல்.

இருட்டும்வரை ஆறவிட்டோம். பிறகு தினசரித் தாளில் ஒரு துண்டு கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தேன். “சுவிட்சைப் போடுடா” என்றேன். ஃபேன் பின்னால் இருந்து காற்றை இழுக்க வேண்டும், தாள் ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் ஒட்டவில்லை. என் கையை நோக்கிப் பறந்தது. பட்டறையில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மோட்டார் வயரை மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும். வண்டி நகரும்போது முன்னிருந்து வரும் கொஞ்சநஞ்சக் காற்றை இந்த ஃபேன் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர் மீதி வேலையைச் செய்தது. ஹெட் காஸ்கெட் போயிற்று. வேறு இடத்தில் சரிசெய்ய 11,000 ரூபாய்க்கு மேல். மூன்று வாரம் பையன் பஸ்ஸில் வேலைக்குப் போனான்.

சுவிட்ச் சரியாகவே வைத்திருந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சூட்டைப் பார்த்துத் தானே போட்டு அணைக்கும் ஏற்பாட்டைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பொறுப்பை நெரிசலில் மாட்டிய இருபத்தைந்து வயதுப் பையனின் ஞாபகத்தில் வைப்பது என்ன அறிவு? பேட்டரி மிச்சமாம். எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கிறது. நல்ல பேட்டரி, அணைத்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஃபேன் ஓடுவதால் செத்துப்போகாது. அதற்கே செத்தால் அது முன்பே பாதி செத்தது. காலில் அனல் அடிக்கிறது என்பது இன்னொரு புகார். ஆமாம், அடிக்கும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடு எங்கேயாவது போயாக வேண்டுமே!

உண்மையான கோளாறு வேறுவிதமாக இருக்கும். நெரிசலில் முள் ஏறிக்கொண்டே போகிறது, ஃபேன் மௌனமாக இருக்கிறது என்றால் வண்டியை ஓரங்கட்டி அணைக்க வேண்டும். ஃப்யூஸ், ரிலே, மோட்டார் எதுவோ போயிருக்கும். விடிகாலையில் குளிர்ந்த எஞ்சினில் கிளப்பியதுமே ஃபேன் ஓயாமல் ஓடினால், சூட்டை அளக்கும் சென்சார் கெட்டு, கம்ப்யூட்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஓடவிட்டிருக்கலாம். முன்பைவிட அடிக்கடி ஓடினால் ரேடியேட்டரில் சேறு அடைத்திருக்கும், அல்லது கூலண்ட் குறைந்திருக்கும். கத்திரி வெயிலில் அடிக்கடி ஓடுவது மட்டும் இயல்பு.

அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவன் நான். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை என்பது எங்கள் வேதம். பழைய பட்டறைக்குப் போனேன். அவர் சண்டைக்கு வரவில்லை, நாற்காலி போட்டார்.

“பெரியவரே, எல்லா வண்டிக்கும் இப்படித்தான் செஞ்சு குடுக்குறோம். யாரும் கேட்டதில்ல.”

“சரி தம்பி. ‘கம்பனி ஃபேன் இணைப்பைத் துண்டித்து நேர் சுவிட்ச் வைத்தேன், இதனால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை’ என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். காசு கேட்க வரவில்லை.”

பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் பில் புத்தகத்தைப் பார்த்தார். முதலாளி வந்ததும் எழுதித் தருகிறேன் என்றார். அவர்தான் முதலாளி. வைகாசி முடிந்து ஆனியும் வந்துவிட்டது, இன்னும் தரவில்லை.