சேர்ந்த புதிதில் பிரசவம் என்றால் வேலையை விட்டுவிட வேண்டுமா?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் காலை ஷிப்ட்டுக்கு இறங்கும் கூட்டத்தில் இளம்பெண்களே அதிகம். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு என்று பல ஊர்களிலிருந்து மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்துக்கும் ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் உள்ள நிறுவனங்களுக்கும் வருகிறோம். பெருங்குடிக்கும் சோழிங்கநல்லூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் தனி. எங்களில் பலருக்கு ஒரு வேலை ஆண்டுக்கணக்கில் நிலைப்பதில்லை. கான்ட்ராக்ட் மாறும், புராஜெக்ட் முடியும், புது அடையாள அட்டையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். அந்த நேரத்தில் வயிற்றில் பிள்ளை இருந்துவிட்டால், விடுப்புக் கேட்பதே குற்றம் என்றாகிவிடுகிறது.

“சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது, இன்டர்வியூவிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?” என்பது முதல் கேள்வி. “புரொபேஷன்ல மெட்டர்னிட்டி லீவ் கிடையாதும்மா. இப்போ ரிசைன் பண்ணுங்க, டெலிவரி முடிஞ்சதும் வாங்க, பார்க்கலாம்” என்பது தீர்ப்பு. இதற்குப் பயந்தே ஐந்தாம் மாதம் வரை துப்பட்டாவை அகலமாகப் போர்த்திக்கொண்டு, குமட்டினால் வாயைப் பொத்தியபடி கழிவறைக்கு ஓடி, நின்றுகொண்டே ஷிப்ட்டை முடிக்கிறார்கள். மாதாந்தரச் செக்கப்புக்குப் போகிற அரைநாளைக்கூட ‘காய்ச்சல்’ என்று சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

புரொபேஷனில் இருப்பவருக்கு உரிமை இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில், பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டத்தில் 160 நாள் என்றிருந்ததை 1988இல் 80 ஆகக் குறைத்தார்கள். 2017இல் விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். இந்த உரிமைகளை வேலையில் சேரும் அன்றே எழுத்தில் தர வேண்டும் என்ற விதியும் அப்போதே வந்துவிட்டது. எங்கள் கைக்கு வந்த ஆஃபர் லெட்டர்களில் அந்த வரியை நாங்கள் பார்த்ததில்லை.

இதைவிடப் பெரிய கொடுமை, அந்த 80 நாளும் விடுப்புக் கேட்கும் அதே முதலாளியிடம் வேலை செய்ததாக இருக்க வேண்டும் என்பது. அதே ஷெட், அதே மெஷின், அதே சூப்பர்வைசர். ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர் மட்டும் மாறியிருப்பார். அவர் பதிவேட்டில் எங்கள் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். இத்தனைக்கும் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கான இ.எஸ்.ஐ. திட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே காப்பீட்டு எண்தான் கணக்கு. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், முதலாளி மாறியிருந்தாலும் பேறுகாலப் பயன் கிடைக்கும். ஒரு திட்டத்தில் முடிவது இன்னொன்றில் ஏன் முடியாது? பிடித்தம் செய்த இ.எஸ்.ஐ. பணத்தைக் கட்டாத ஒப்பந்தக்காரர்களால் அந்த வழியும் சிலருக்கு அடைபட்டுவிடுகிறது.

குழந்தையின் அப்பாவுக்கு இதுகூட இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவன ஊழியருக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. மனைவி பிரசவ வார்டில் இருக்க, நைட் ஷிப்ட்டுக்கு வராவிட்டால் சம்பளம் கட் என்று போன் வருகிறது. துணைக்கு வர ஊரில் அம்மாவோ மாமியாரோ இல்லாத குடும்பங்கள் இந்தப் புறநகரில் ஏராளம்.

மனுக்கள் கொடுத்திருக்கிறோம். ஆய்வு நடக்கும், உதவி மையம் வரும், தமிழில் அறிவிப்பு வைக்கப்படும் என்று ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் சொன்னார்கள். எதுவும் ஷெட் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அரசால் முடியாத எதையும் நாங்கள் கேட்கவில்லை. பேறுகால உரிமைகளைத் தமிழில் அச்சிட்டு ஆஃபர் லெட்டரோடு தராத நிறுவனங்கள் மீது நடவடிக்கை வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது ‘தானாக’ ராஜினாமா செய்ததாகக் காட்டப்படும் ஒவ்வொரு கடிதத்தையும் விசாரித்த பிறகே ஏற்க வேண்டும். தனியார் நிறுவனத் தந்தையருக்கும் விடுப்பைச் சட்டமாக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் பழைய இடத்தில் உழைத்த நாள்கள் சேர்ந்தே கணக்கிடப்பட வேண்டும். இதற்கான ஆணை, அடுத்த கான்ட்ராக்ட் கைமாறுவதற்குள் வர வேண்டும்; இப்போது ஏழாம் மாதத்தில் ஷிப்ட்டுக்கு வந்துகொண்டிருப்பவர்களுக்கும் அது பொருந்த வேண்டும்.