வீட்டுத்திரையும் துப்பறியும் சித்திரமும்

(தமிழாசிரியர் ஒருவர்)

கதை கேட்டலில் விருப்பம் மக்கட்கு இயல்பாக அமைந்ததொன்று. அதனுள்ளும், மறைந்து கிடப்பதொன்றைத் தேடிக் காணும் கதையிடத்துச் சிறார்க்குள்ள விருப்பம் மிகப் பெரிது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய துப்பறியும் நாவல்களை நம் பாட்டனார் விளக்கொளியிற் படித்தனர். தேவன் படைத்த துப்பறியும் சாம்புவைக் கண்டு நம் தந்தையர் சிரித்தனர். இன்று நம் மாணவர் அச்சுவையை நாடுவது பெரும்பாலும் நூலிடத்தன்று. அசையும் சித்திரப் படத்திடத்தேயாம். இதனையே ஒரு கேடென்பார் பலர். யாம் அவ்வாறு கூறேம். நல்ல படம் நல்ல நூலைப் போல அறிவை வளர்க்கவல்லது. எமது குறை பிறிதொன்று. நல்ல படமொன்று நம் வீடுகளுக்கு வந்து சேரும்போது பழுதுற்ற பிரதியாக வந்து சேருகின்றது. அதனை நாமும் பொருட்படுத்தாது குழந்தைகள் கையிற் கொடுத்துவிடுகின்றோம். இது சிறிய செய்தியன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அண்மையில் மாணவர் நாவிற் பெரிதும் வழங்கிய படம் டிஸ்னி நிறுவனத்தாரின் 'சூடோப்பியா' இரண்டாம் பாகமாகும். முதற்பாகம் 2016ஆம் ஆண்டில் வெளிவந்து, மறுவருடம் சிறந்த சித்திரப் படத்துக்கான ஒஸ்கார் விருதினைப் பெற்றது. ஜெரட் புஷ், பைரன் ஹவர்ட் ஆகிய இருவரும் இயக்கிய இரண்டாம் பாகம் 2025 நவம்பரில் வெளிவந்து, நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. விலங்குகளே குடிகளாக வாழும் ஒரு மாநகரம். அங்கே காவற் பணி புரியும் ஜூடி என்னும் முயல். அதற்குத் துணையாக நிக் என்னும் நரி. முதற்படத்திலே அந்நகரில் ஊர்வன ஒன்றேனும் இல்லை. பார்த்தவருட் பலர் அதனை நோக்கவுமில்லை. இல்லாத அவ்வினத்தைப் பற்றிய வினாவே இரண்டாம் படத்தின் மறைபொருளாயிற்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட படத்தில் எது இல்லாதிருந்தது என்பதை எண்ணிப் பார்க்குமாறு ஏவுங் கதை, சிறார்க்கு எழுந்த கதையாயினும் எளியதன்று.

தொடர்கதைப் படம் என்றவுடன் அது வாணிகத் தந்திரம் என ஒதுக்குவாரும் உளர். பணங் கருதி நீட்டிய படங்கள் பல என்பது உண்மையே. எனினும் ஒரு கதையின் வழியே இன்னொரு கதை பிறத்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்கின்றோம். கோவலனும் கண்ணகியும் யாவரென அறியாதான், வஞ்சியிற் கண்ணகி கோட்டத்தின் முன் நிற்கும் மணிமேகலையின் நெஞ்சை எங்ஙனம் அறிவான்? முன்னூலைக் கல்லாது பின்னூலைக் கற்பவன் பாதியே கற்றவன். ஆகவே தொடர்ப்படத்தைப் பார்க்க விழையும் பிள்ளையிடம், 'முதற்படத்தைக் கண்டனையோ? அதிலே நிகழ்ந்தது யாது?' என வினவுதல் பெற்றோர் கடமை. வினவிய அளவிலே பொழுதுபோக்கு ஒரு பாடமாகிவிடும்.

இனிப் பிரதியின் தெளிவைப் பற்றிக் கூறுவாம். சிலப்பதிகாரத்தில் வழக்குரைத்த இடத்தை ஒருகால் நினைக. பாண்டியன் தேவியின் சிலம்பிலே முத்து. கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கம். வழக்கு முழுவதும் அவ்வொரு வேற்றுமையின் மேல் நின்றது. சிலம்பு உடைந்து மணி தெறித்தபோது நின்றோர் கண்ணெல்லாம் அதனைக் கண்டன. அரசன் தன் பிழையை உணர்ந்தான். அந்நிகழ்ச்சியை ஒரு படமாக்கி, மங்கிய பிரதியிலே காட்டினால் என்னாகும்? தெறித்தது முத்தோ மாணிக்கமோ என்பது தோன்றாது. தோன்றாதபோது கண்ணகியின் வழக்கும் தோன்றாது. முத்துக் குளித்த கடலின் கரையிலே வாழும் நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், முத்தின் நிறத்தையும் உருட்சியையும் ஒளியையும் நோக்கித் தரம் பிரித்தோர், புகை படிந்த கண்ணாடியூடே நோக்கி விலை கூறியிருப்பரோ?

துப்பறியும் படத்தின் உயிர் துப்பிலே உள்ளது. துப்பு எப்போதும் நடுவிலே நின்று தன்னை அறிவிப்பதன்று. சுவரில் தொங்கும் ஒரு படம், கடைப்பலகையில் எழுதிய ஒரு பெயர், கூட்டத்தின் பின்னே ஒதுங்கி நிற்கும் ஒரு முகம் என அது மறைந்தே கிடக்கும். ஓவியர் பல திங்கள் உழைத்து வரைந்து வைத்த அந்நுண்மைகள் மங்கிய பிரதியிலே முதலில் மறைவனவாம். மேலும், இத்தகைய படங்களில் இரவும் நிழலும் மிகுதி. காட்சித் தரவைச் சுருக்கி அனுப்பும் முறைகள், கண்ணுக்கு எளிதிற் புலனாகாதெனக் கருதி இருண்ட பகுதிகளிலேயே பெரிதும் சிக்கனஞ் செய்கின்றன. ஆதலால் இருள் முழுதும் கட்டங்கட்டமாக உடைகின்றது. ஒரே நிறமாக விரியும் வானம் வரிவரியாகப் பிரிகின்றது. பிற படங்கள் தாங்கும் இப்பழுதைத் துப்பறியும் சித்திரம் தாங்காது.

அளவினையும் அறிந்துகொள்வது நன்று. 1976ஆம் ஆண்டில் தோன்றிய வீஎச்எஸ் வீடியோ நாடா ஏறத்தாழ 240 கோட்டளவுத் தெளிவையே தந்தது. போர்க்காலத்தில் மின்சாரமில்லாத ஊர்களிலே, தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, விடியுமளவும் முற்றத்திலிருந்து படம் பார்த்த தலைமுறையினர் எம்மவர். அந்நாடாக்களும் பிரதிக்குப் பிரதியாய்ப் பலமுறை பெயர்க்கப்பட்டவை. அன்று அதுவே பெரும்பேறு. 1996இல் வந்த டிவிடி இறுவட்டு, நம் நாட்டு முறைப்படி, ஒரு காட்சியில் 4,14,720 புள்ளிகளைத் தாங்கியது. 2006இல் வந்த புளூரே 20,73,600 புள்ளிகளையும், 2016இல் வந்த 4கே இறுவட்டு 82,94,400 புள்ளிகளையும் தாங்குவன. இத்துணை வளர்ச்சிக்குப் பின்னரும், திரையரங்கிலே கள்ளமாகக் கைத்தொலைபேசியாற் பிடித்த பிரதியை நம் பிள்ளைகள் உள்ளங்கையளவு கண்ணாடியிற் பார்க்கின்றனர். தலைகளின் நிழலும் பிறர் இருமலும் அப்பிரதியில் உண்டு. கதையின் துப்பு மட்டும் இல்லை. வறுமை காரணமாக வந்த மங்கல் ஒன்று; அசட்டை காரணமாக வந்த மங்கல் மற்றொன்று. முன்னையது பொறுத்தற்குரியது. பின்னையது அத்தகையதன்று.

'கதைதானே முக்கியம்? தெளிவு எதற்கு? நம் முன்னோர் தீவட்டி வெளிச்சத்திலே கூத்துப் பார்த்துச் சுவைக்கவில்லையா?' என வினவுவார்க்கு விடையிறுத்தல் வேண்டும். மன்னாரின் நாட்டுக்கூத்து, மாதோட்டப் பாங்காயினும் யாழ்ப்பாணப் பாங்காயினும், அந்த வெளிச்சத்துக்கென்றே அமைந்தது. கண்ணாடிச் சில்லுப் பதித்த முடி தீவட்டியில் மின்னுதற்கே வைக்கப்பட்டது. அண்ணாவியார் உயர்த்திய குரல் கடைசிப் பாயிலிருந்தவர்க்கும் கேட்டற்கே உயர்ந்தது. ஆகவே தீவட்டி வெளிச்சத்திற் கூத்துப் பார்த்தவன் கூத்தை முழுமையாகவே பார்த்தான். மங்கிய பிரதியிற் படம் பார்ப்பவன் நிலை அஃதன்று. அவன் ஆக்கியோன் ஆக்கியதைப் பாராது அதன் எச்சத்தைப் பார்க்கின்றான்.

பிரதியின் செம்மைக்காக உயிரைத் தேய்த்த பெரியோரை உடையது தமிழுலகம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் அதே ஆண்டிற் சிந்தாமணியையும், 1892இற் சிலப்பதிகாரத்தையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார்கள். செல்லரித்த ஏடுகளை ஊரூராகத் தேடி, ஏட்டோடு ஏட்டை ஒப்பு நோக்கி, எழுத்துக்கு எழுத்து ஆராய்ந்து அவர்கள் உழைத்தது எதற்கு? 'கதை தெரிந்தாற் போதும்' என அவர்கள் எண்ணியிருப்பின், ஒரு பிழைபட்ட ஏட்டை அச்சிட்டுவிட்டு அமைந்திருக்கலாமன்றோ? ஒரு படைப்பை அதன் ஆசிரியன் தந்தவாறே பெறுதல் கற்போன் உரிமை என்பதே அவர்கள் கொள்கை. அக்கொள்கை ஏட்டுக்கு மட்டும் உரியதன்று, படத்துக்கும் உரியது.

ஈண்டு மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். தெளிவென்பது பளபளப்பன்று. 1963இல் வெளிவந்த டிஸ்னியாரின் 'கல்லிற் பதிந்த வாள்' என்னும் பொருள்பட்ட பெயருடைய படத்தை 2013இற் புளூரே இறுவட்டாக வெளியிட்டபோது, படச்சுருளின் இயல்பான மணியமைப்பை மாசெனக் கருதி அளவுகடந்து துடைத்தனர். துடைத்த துடைப்பில் ஓவியரின் பென்சிற் கோடுகளும் மழுங்கின. பதிப்பாசிரியன் தன் அறிவை மெச்சி மூலத்தைத் திருத்திவிடும் குற்றம் போன்றது அது. சாமிநாதையர் அவர்களோ வேறுபட்ட பாடங்களை அழிக்காது பாடபேதமென அடியிற் காட்டினார்கள். தொலைக்காட்சிப் பெட்டிகளும் இக்குற்றத்தைச் செய்கின்றன. அசைவை வழுவழுப்பாக்குகின்றோம் எனக் கூறி, இல்லாத காட்சிகளைத் தாமே இடையிற் செருகுகின்றன, நிறத்தைக் காரமாக்குகின்றன. இவற்றை நிறுத்திப் படத்தை உள்ளவாறு காட்டும் 'பிலிம்மேக்கர்' முறைமை 2019இல் அறிவிக்கப்பட்டுப் புதிய பெட்டிகள் பலவற்றில் உண்டு. அதற்குக் காசு வேண்டா, கவனமே வேண்டும். 4கே என்ற பெயருக்கு மயங்கவும் வேண்டா. கணினிச் சித்திரப் படங்கள் பல அதிற் குறைந்த அளவிலே முடிக்கப்பட்டுப் பின்னர் பெருக்கப்படுவன. நல்ல புளூரே பிரதியொன்று நடுத்தரக் குடும்பத்துக்குப் போதியது.

செம்மையான பிரதி ஒரு படைப்புக்கு மறுபிறவி தரும் என்பதற்குச் சான்று வேண்டுவார் இராமாயணச் சித்திரப் படத்தை நோக்குக. ஜப்பானியராகிய யூகோ சாகோவும் இந்தியராகிய ராம் மோகனும் கொயிச்சி சசாக்கியும் இயக்க, இரு நாட்டு ஓவியரும் கையால் வரைந்த அப்படம் 1993ஆம் ஆண்டினது. பல்லாண்டு காலம் அதனைத் தொலைக்காட்சியிலும் மங்கிய நாடாவிலுமே கண்டனர். பின்னர் 4கே அளவிற் புதுக்கப்பட்டு, 2025 சனவரி 24இல், தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளில் அது மீண்டும் வெளிவந்தது. தலைமன்னாரின் மணற்றிட்டுகளை இராமர் அணையெனச் சுட்டிக்காட்டி வளர்ந்த நம் பிள்ளைகள், சேது கட்டுங் காட்சியைத் தெளிந்த திரையிற் காணும் பேற்றைப் பெறவேண்டாவா?

நம்முடைய படங்களின் நிலையோ இரங்கத்தக்கது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' நம் பேசாலைக் கரையிலே படமாக்கப்பட்டது. ஈழத்துத் தமிழ்ப் படங்கள் தொகையாற் சிலவே. அச்சிலவற்றுள்ளும் படச்சுருள் அழிந்தன உள. பிறர் தம் படத்தைக் கோடு கோடாகப் புதுக்குங் காலத்தில், நாம் நம் கடற்கரையின் முகத்தைக் காட்டிய படங்களைப் பேணாது விட்டோம். மங்கலைப் பொறுத்துப் பழகிய கண், முற்றாக மறைதலையும் பொறுத்துவிடும்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். தமிழாசிரியன் அதனை விடுதல் ஆகாது. கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் லகர ளகர ழகர வேறுபாடு கேளாது. ரகர றகரமும் மயங்கும். தமிழ்க் குரல் சேர்த்த படங்களிற் பெரும்பாலானவை சென்னைப் பேச்சு வழக்கினவாதலின், நம் சிறார்க்குப் பாதி புதிது. கேளாததைக் கேட்டதாக ஊகித்துப் பழகும் பிள்ளை, வகுப்பிலே சொல்வதெழுதலிலும் ஊகித்தே எழுதுகின்றது. இது யாம் பள்ளியிலே நாடோறுங் காண்பதொன்று.

ஆகவே கல்லூரிச் சமூகத்தின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கின்றோம். யூபிலி ஆண்டின் நினைவாகப் பழைய மாணவர் ஓர் அறையை இதற்கென ஒதுக்கித் தருவார்களாக. ஒரு நல்ல புரொஜெக்டர், வெள்ளைத் திரை, இரு ஒலிபெருக்கி, முறைப்படி விலைகொடுத்து வாங்கிய இறுவட்டுகள் சில, காட்டுதற்கு உரியாரிடம் பெற்ற அனுமதி ஆகிய இவையே வேண்டுவன. வெளிநாட்டிலிருந்து வரும் அன்பர் ஒவ்வொருவரும் இரண்டோர் இறுவட்டுக் கொணர்ந்தாற் சில ஆண்டுகளில் ஒரு நூலகமாகும். திங்களுக்கு ஒரு பிற்பகல் ஒரு படம். தொடர்ப்படமாயின் முற்பாகம் முன்னே. படம் முடிந்தபின், துப்பு எங்கே மறைந்திருந்தது, யார் அதனை முதலிற் கண்டார் என மாணவர் தமிழில் ஒரு பக்கம் எழுதுக. ஆசிரியர் அதனைத் திருத்துக. அக்கருவிகளைக் கொண்டே, இன்னும் நம்மிடையே உள்ள முதிய அண்ணாவிமாரின் கூத்துகளையும் தெளிவாகப் பதிவு செய்து வைத்தல் கூடும்.

'சோறில்லாத வீட்டிற்குப் பட்டுக்குடை எதற்கு?' என்பாரும் இருப்பர். கல்லூரிக்கு வேறு தேவைகள் பல என்பதை யாம் மறுக்கவில்லை. கட்டடத்தின் விரிசல் கண்ணுக்குத் தெரியும்; ஒருவன் அதைப் பூசுவான். இளமையில் எதையும் அரைகுறையாகக் கண்டு, 'இவ்வளவு போதும்' என்று அமைந்துவிடும் மனத்தின் விரிசலோ கண்ணுக்குத் தெரியாது. முத்தையும் மாணிக்கத்தையும் வேறு பிரித்துக் காணுங் கண்ணை மாணவர்க்குத் தருவதே கல்வி. அக்கண்ணைக் கெடுக்கும் பிரதியை இனியேனும் நம் வீட்டுக்குள் விடாதிருப்போமாக.