புடைத்த தழும்பும் இயற்கை மருந்தும்

காது குத்திய இடத்தில் பட்டாணி அளவில் ஒரு புடைப்பு. ஓராண்டில் அது நெல்லிக்காய் அளவாகிவிடுகிறது. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இது சிறு கவலை அன்று. பங்கு இல்லத்துக்கு வரும் தாய்மார் கேட்பது இதுதான்: "சாமி, ஸ்டீராய்டு களிம்பு தோலைக் கெடுக்குமாமே, இயற்கை மருந்து ஏதும் உண்டா?"

அச்சம் நியாயமானதே. அக்களிம்பை நெடுநாள் தடவினால் சுற்றியுள்ள தோல் மெலிந்து வெளுக்கும். 2018இல் மத்திய அரசு இத்தகைய 14 மருந்துகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என ஆணையிட்டது. தவிர, தடித்த தழும்புக்குள் களிம்பு அவ்வளவாக இறங்குவதில்லை; ஆகவேதான் மருத்துவர்கள் ஸ்டீராய்டை ஊசி வழியே தழும்பினுள் செலுத்துகின்றனர்.

ஆயினும் ‘இயற்கை’ என்றதும் நம்மவர் காட்டும் துணிவு எனக்கு வியப்பளிக்கிறது. எருக்கம்பாலும் சுண்ணாம்பும் இயற்கைதாமே! அவை தோலை வேகவைத்துவிடும். காயம் ஆறும்போது கொல்லாஜன் எனும் நார்ப்பொருள் தேவைக்கு மேல் வளர்வதே இந்நோய். அங்கே மீண்டும் புண் உண்டாக்கினால் புடைப்பு பெருகுமேயன்றி அடங்காது. வைட்டமின் ஈ எண்ணெயும் நம்பத்தக்கதன்று. 1999இல் வெளியான சிறு ஆய்வொன்றில் பெரும்பாலோர்க்குப் பயனில்லை, மூவரில் ஒருவருக்குத் தோல் அழற்சியும் கண்டது. வெங்காயச் சாறு கலந்த களிம்புகளைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. தேங்காய் எண்ணெயை, நன்கு ஆறிய தழும்பின்மேல் மெல்லத் தேய்ப்பதில் தவறில்லை. பாதிப் பயன் தேய்க்கும் விரலுக்கே உரியது என்பது என் எண்ணம்.

மருந்தில்லாத வழிகளில் மருத்துவர் முதலில் சொல்வது சிலிக்கோன் தகடு. 1980களின் தொடக்கத்தில் தீக்காயத் தழும்புகளுக்கு இது பயன்படலாயிற்று. நாள்தோறும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதங்களாவது ஒட்டியிருக்க வேண்டும். காது மடலுக்கென அழுத்தும் கிளிப்பும் உண்டு. காயத்தின் எல்லைக்குள் நிற்கும் தழும்பு காலப்போக்கில் தானே தணியக்கூடும். எல்லை கடந்து பரவும் கீலாய்டு அவ்வாறு தணிவது அரிது. அதனை வெறுமனே அறுத்தெடுத்தால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். அதற்குத் தோல் மருத்துவரே வேண்டும்.

குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறை இருப்பின், பிள்ளைகளுக்குக் காது குத்துவதைப் பதினொரு வயதுக்கு அப்பால் தள்ளிப்போட வேண்டாம். அவ்வயதுக்குப் பின் குத்தியவர்களுக்கே கீலாய்டு மிகுதியாக வந்ததாக 2005இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ஒரு முறை வந்துவிட்ட பெண்ணுக்கு மூக்கும் குத்த நினைப்போர், அந்த ஆசையை விட்டுவிடலாம்.